கயிற்றை விடுகிற கை

ஜனவரி 8, ஞாயிறு

இன்று விழுந்தேன். வலது முழங்கால். உள்பக்கத் தசைநார் பாதி கிழிந்திருக்கிறதாம். அறுவை வேண்டாம், எட்டு வாரம் பட்டை போட்டுக்கொண்டு ஓய்வில் இருந்தால் போதும் என்று டாக்டர் சொன்னார்.

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். பள்ளியில் எல்லோரும் கேட்பார்கள், ஒரே மாதிரி சொல்ல வேண்டும்.

படகு கயிற்றில் இழுத்துப் போக, காலில் பலகை மாட்டிக்கொண்டு தண்ணீர்மேல் வித்தை காட்டுகிற டிரிக் ஸ்கீயில் இரண்டு ஓட்டம் உண்டு. ஒவ்வொன்றும் இருபது வினாடி. முதல் ஓட்டத்தில் கயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு தண்ணீர்மேல் சுழலலாம். இரண்டாவதில் காலால். கைப்பிடியில் இருக்கும் பட்டைக்குள் ஒரு பாதத்தை நுழைத்துக்கொண்டு மற்ற காலில் நின்றபடி சுழல வேண்டும். விழுந்தால் கையைப் போலக் காலால் கயிற்றை விட்டுவிட முடியாது. அதனால் படகில் ஒருவர், கயிற்றைப் படகோடு பூட்டியிருக்கும் ரிலீஸ் என்ற கொக்கியின் நூலைக் கையில் பிடித்துக்கொண்டு, ஸ்கீ செய்பவரையே பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். சரிகிற நொடியில் அவர் அதைச் சுண்டி இழுத்தால் கயிறு படகிலிருந்து கழன்றுவிடும். இழுக்காவிட்டால் படகு காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்.

எனக்கு அந்த இடத்தில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருப்பவர் என் கணவர் தணிகைவேல். இன்று ரிலீஸ் மாட்டிக்கொண்டுவிட்டது. உப்பங்கழித் தண்ணீருக்கு எந்த இரும்பும் தாங்காது. படகோட்டும் எட்வின் திரும்பிப் பார்த்து என்ஜினை நிறுத்தினான். அவ்வளவுதான் நடந்தது.

மற்றவர்களுக்கு நான் கனகா, இவருக்கு மட்டும் வல்லி. வீட்டு வாசலில் காரிலிருந்து என்னைத் தாங்கி இறக்கும்போது கேட்டார்.

“வல்லி, ரொம்ப வலிக்குதா?”

“இல்லீங்க” என்றேன்.

ஜனவரி 9, திங்கள்

இவர் காலையிலிருந்து ரிலீஸைக் கழற்றி வைத்துக்கொண்டு துடைத்துக்கொண்டே இருந்தார். துரு ஒன்றும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளே எங்காவது இருந்திருக்கும்.

ஜனவரி 22, ஞாயிறு

நொண்டிக்கொண்டே கடைக்குப் போய் இவருக்கு நான்கு டி-ஷர்ட் வாங்கிவந்தேன். இந்தக் காலத்தில் யார் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்? இவர் ஒன்றும் கேட்காமல் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் விடைத்தாள்கள் முப்பத்தெட்டு திருத்தினேன். இன்னும் நாற்பத்தொன்று இருக்கின்றன.

பிப்ரவரி 14, செவ்வாய்

எட்வின் வீட்டுக்கு வந்தான். இவர் குளித்துக்கொண்டிருந்தார். சமையலறை வாசலில் நின்று மெதுவாகச் சொன்னான்.

“அக்கா, அண்ணனுக்கு ஸ்பேனர் புடிக்க வரலக்கா. நேத்து மூணு வாட்டி கீழ போட்டாரு. நட்டை நான்தான் முடுக்கினேன். நான் கவனிக்கலன்னு நினைச்சுக்கிட்டாரு.”

“வெயில்ல கை வேர்த்திருக்கும்” என்றேன்.

“பிப்ரவரி மாசம்க்கா.”

அவனுக்கு காபி கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். பிறகு மனசு கேட்கவில்லை. இருபத்தைந்து வருடமாகப் படகு என்ஜின்களைப் பிரித்துப் பூட்டுகிறவருக்குக் கை வலி வராதா? எனக்குக் கரும்பலகையில் எழுதியே தோள் வலிக்கிறது.

பிப்ரவரி 27, திங்கள்

இவர் கையைப் பார்த்த எலும்பு டாக்டர் நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொன்னார். கழுத்து எலும்புத் தேய்மானமாக இருக்கலாம்.

மார்ச் 12, ஞாயிறு

முழங்கால் பட்டையைக் கழற்றியாயிற்று. இன்று ஸ்கீ கிளப்புக்குப் போனோம். இரண்டு மாதத்துக்குப் பிறகு உப்பங்கழியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் மணல் என்று சொன்னேன்.

டாக்டர் ஷபானா ஒரு ஜோடி புது ஸ்கீயைக் காட்டினாள். பல் மருத்துவர், எங்கள் கிளப்பில் நான்கு வருடமாக ஸ்கீ செய்கிறாள். அவளுடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தாராம். “வேக் ஸ்கீ, கனகாக்கா. ஒத்தப் பலகையா இருக்கிற வேக்போர்டை ரெண்டாப் பிளந்த மாதிரி இருக்கு பாருங்க.”

“இதுக்கு ரிலீஸ் வேணுமா?” என்று கேட்டேன்.

“எதுக்கு? கையிலதானே கயிறு. விழுந்தா விட்டுட வேண்டியதுதான்.”

உடனே முடிவு செய்தேன். டிரிக் ஸ்கீ எனக்கு அலுத்துவிட்டது. பதினாறு வருடம் ஒன்றையே செய்தால் யாருக்கும் அலுக்கும். இவரிடமும் அப்படித்தான் சொன்னேன். இவர் ஸ்கீயைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பாகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி வல்லி. போட்டுப் பாரு” என்றார்.

மார்ச் 19, ஞாயிறு

முதல் நாள். ஏழு முறை விழுந்தேன். இருபத்தேழு வயதில் முதன்முதலில் ஸ்கீ கற்றுக்கொண்டபோதுகூட நான்கு முறைதான்.

வித்தியாசத்தை எழுதிவைத்தால் அடுத்த வாரம் உதவும்.

டிரிக் ஸ்கீக்கு அடியில் மீன்துடுப்பு போல நீட்டிக்கொண்டிருப்பது எதுவும் இல்லை. மழையில் நனைந்த மொசைக் தரைமேல் நிற்பது போல எந்தப் பக்கமும் வழுக்கும். அந்த வழுக்கலை வைத்துத்தான் சுழல்கிறோம். படகு மெதுவாகப் போகும், கயிறு குட்டை, எல்லாம் படகுக்குப் பக்கத்திலேயே நடக்கும். வேக் ஸ்கீ அகலம். இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்திருக்கும். அடியில் நீளவாக்கில் பள்ளங்கள், அதனால் விளிம்பைச் சாய்த்தால் தண்ணீரைக் கடித்துப் பிடித்துக்கொள்கிறது. நான் வழுக்கும் என்று நினைத்த இடத்தில் அது பிடித்தது. ஏழு முறையும் அப்படித்தான் முகம் குப்புற விழுந்தேன்.

படகுக்குள் தண்ணீர்ப் பைகளை நிரப்பிப் பாரம் ஏற்றுகிறார்கள். படகின் பின்னால் இடுப்புயரத்துக்கு அலை எழும்புகிறது, வேக் என்பது அதுதான். ஓரமாக விலகிப் போய், அங்கிருந்து அலையை நோக்கி வந்து, அதன் மேட்டில் ஏறிக் குதிக்க வேண்டும். அதற்கு நீளக் கயிறு வேண்டும்.

நீளக் கயிறு. டிரிக் செய்யும்போது இவர் கண் இமைப்பதுகூட என் கண்ணுக்குத் தெரியும். இன்று படகில் ஒரு நீல டி-ஷர்ட்தான் தெரிந்தது.

இவர் வெறுமனே உட்கார்ந்திருந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு.

“எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார்.

“சூப்பரா இருந்துச்சுங்க. உங்களுக்கும் இனி ரெஸ்ட்டு.”

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஏப்ரல் 6, வியாழன்

தசையில் ஊசி குத்தி மின்சாரம் ஓடுகிறதா என்று பார்க்கும் பரிசோதனை. ஒரு மணிநேரம் ஆயிற்று. இவர் முகத்தைச் சுளிக்கவில்லை. வெளியே வந்ததும் மசால் தோசை கேட்டார். நான் பிய்த்துத் தட்டில் வைத்தேன். கூட்டமான ஹோட்டல், யாரும் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 18, செவ்வாய்

கழுத்துத் தேய்மானம் இல்லை.

ஏப்ரல் 19, புதன்

பள்ளிக்குப் போனேன். இரண்டு வகுப்பு எடுத்தேன். தோசை மாவு அரைத்தேன். கேஸ் புக் செய்தேன்.

ஏப்ரல் 23, ஞாயிறு

அந்தப் பெயரை எழுதிவிடுகிறேன். மோட்டார் நியூரான் நோய். தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். கையில் தொடங்கியிருக்கிறது. பிறகு கால், பேச்சு, விழுங்குவது, மூச்சு. அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும் என்று டாக்டர் ஏதோ நல்ல செய்தி போலச் சொன்னார். எத்தனை வருடம் என்று இவர்தான் கேட்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி, இவருக்கு வேகமாகப் போகிற மாதிரி இருக்கிறது என்றார்.

“கூட யார் இருக்கா?” என்று டாக்டர் கேட்டதற்கு “நான் இருக்கேன்” என்றேன். “வேற?” என்றார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. “நான் இருக்கேன்” என்று மறுபடியும் சொன்னேன்.

இன்று கழிக்குப் போகவில்லை.

மே 14, ஞாயிறு

வேக் ஸ்கீயில் அலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கினேன். சின்னத் தாண்டல்தான். முழங்கால் தாங்கியது.

மே 17, புதன்

சாயங்காலம் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“வல்லி, அந்த ரிலீஸ் மாட்டல.”

“எந்த ரிலீஸ்?”

“உனக்குத் தெரியும்.”

நான் நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

“நீ விழப்போறது தெரிஞ்சுது. எப்பவும் போல, உனக்கே தெரியறதுக்கு முன்னாடி தெரிஞ்சுது. இழுன்னு கைகிட்ட சொன்னேன். கை கேக்கல. விரலு நூலுமேல அப்படியே கெடந்துச்சு.”

“துருப் புடிச்சிருந்துச்சுங்க. நீங்களே கழட்டிப் பாத்தீங்கல்ல.”

“பாத்தேன். அதுல ஒண்ணுமே இல்ல. அதான் திரும்பத் திரும்பப் பாத்தேன். ஏதாவது இருக்கணும்னு. நாலு செகண்ட். எட்வின் திரும்பற வரைக்கும் நாலு செகண்ட் உன்ன இழுத்துக்கிட்டுப் போனோம். நான் எண்ணிக்கிட்டே உக்காந்திருந்தேன்.”

குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். திரும்பி வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை கரைந்து குழி விழுந்திருந்தது.

எனக்கு அன்றைக்கே தெரியும். தண்ணீருக்குள் தலை போவதற்கு முன்னால் நான் கடைசியாகப் பார்த்தது அவர் முகத்தைத்தான். ஒரு சாமான் மாட்டிக்கொண்டால் மனிதனுக்கு அந்த முகம் வராது.

இதை இவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 5, திங்கள்

ஒர்க்‌ஷாப்பை எட்வினின் மச்சானிடம் கொடுத்தாயிற்று. ஸ்பேனர் பெட்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறோம்.

ஜூன் 18, ஞாயிறு

படகில் ஏறும்போது தடுமாறினார். எட்வினும் ஷபானாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். அதற்குப் பிறகு நான் நன்றாகச் செய்யவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

அலைமேட்டில் எழும்பி, காற்றிலேயே பாதிச் சுற்றுத் திரும்பி, முதுகு முன்னால் போகிறபடி இறங்கினேன். கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். கிளப் செயலாளர் இந்த வயதில் இதை யார் செய்வார்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இறங்கியதும் வழக்கம்போல் படகைப் பார்த்தேன். டிரிக்கில் ஒரு சுற்றை முடித்துத் திரும்பினால் இவர் புருவம் உயர்ந்திருக்கும். நன்றாக வந்தால் இரண்டு புருவம், சுமாராக வந்தால் ஒன்று. இன்று இவர் இருந்த திசையில் வெயில்தான் பளபளத்தது.

வேக் ஸ்கீயில் உயரம் இருக்கிறது, வேகம் இருக்கிறது, பார்க்கிறவர்களுக்கும் அழகு. நான் நேர்மையாக எழுத வேண்டுமானால், அது தனியாகச் செய்கிற விளையாட்டு.

ஜூலை 26, புதன்

பேச்சு குழறத் தொடங்கியிருக்கிறது. ‘ர’ தெளிவாக வருவதில்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

பள்ளி அரைநாளோடு விட்டார்கள். வீட்டில் இவர் இல்லை. எட்வினோடு ஆட்டோவில் கிளப்புக்குப் போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பயந்துபோய் ஓடினேன்.

படகு ஷெட்டில் இவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே தூணில் ரிலீஸைக் கட்டி, அதன் நூலைப் பிடித்தபடி ஷபானா நின்றாள். எட்வின் செல்போனை அவள் கண்ணுக்கு நேரே பிடித்திருந்தான். போனில் நான். எந்த வருடமோ, காலில் கயிறோடு சுழன்றுகொண்டிருந்தேன்.

“தோளப் பாக்காத. இடுப்பப் பாரு” என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. “இடுப்பு பின்னால போனா... முடிஞ்சுது. இழு.”

ஷபானா இழுத்தாள்.

“லேட்டு. மறுபடி.”

நான் விழுந்ததையெல்லாம் இவர் படகில் போனை மாட்டிப் படம்பிடித்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. அறுபது எழுபது இருக்கும் என்று எட்வின் பிறகு சொன்னான். ஜூன் மாதத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளியும், ஷபானா கிளினிக்கைச் சாத்திவிட்டு வருகிறாளாம்.

நான் உள்ளே போகவில்லை. வீட்டுக்கு வந்து துணி மடித்தேன்.

ஆகஸ்ட் 12, சனி

சண்டை.

“எனக்கு டிரிக் வேண்டாம்னு எத்தனை வாட்டி சொல்றது? எனக்கு வேக் ஸ்கீ போதும்.”

“பொய்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தாண்டி இறங்கினியே... கைத்தட்டினாங்க. உன் மொகத்துல ஒண்ணுமே இல்ல.”

“அவ்ளோ தூரத்துல என் மொகம் எப்படித் தெரிஞ்சுது?”

“தெரியும்.”

“வேற ஒருத்தர் கையில கயித்தக் குடுத்துட்டு என்னால நிக்க முடியாதுங்க.”

இவர் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்காக நீ இத விட்டா... இன்னொரு தடவ நான் உன் காலப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போற மாதிரி.”

நான் பையை எடுத்துக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போய்விட்டேன். கடையில் என்ன வாங்க வந்தேன் என்று நினைவில்லை. ஒரு கட்டுக் கொத்தமல்லியோடு திரும்பினேன். ஃபிரிட்ஜில் ஏற்கெனவே இரண்டு கட்டு இருந்தது.

செப்டம்பர் 3, ஞாயிறு

கஞ்சி, இளநீர், கெட்டியாக அடித்த தயிர். விழுங்குவதில் சிரமம். கிளப்புக்குப் போகவில்லை. இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 12, செவ்வாய்

“அடுத்த ஞாயிறு காலால போறேன். ஷபானா பிடிக்கட்டும்” என்று சொன்னேன்.

இரண்டு புருவமும் உயர்ந்தன.

செப்டம்பர் 17, ஞாயிறு

காலை ஏழு மணிக்குப் போனோம். காற்று இல்லை, கழி அசையாமல் கிடந்தது. இவரைப் படகில் ஏற்ற முடியாது. படகுத்துறையின் முனையில் நாற்காலியை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் வைத்தேன்.

எட்வின் ஓட்டினான். ஷபானா இவருடைய இடத்தில் உட்கார்ந்தாள். நூலை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி அவிழ்த்து, இவர் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

பழைய டிரிக் ஸ்கீயைப் போட்டதும் கால் தன்னால் வழுக்கியது. எட்டு மாதத்துக்குப் பிறகு என் வீட்டுத் தரையில் கால் வைத்த மாதிரி இருந்தது. பட்டைக்குள் பாதத்தை நுழைத்தேன். ஒரு சுற்று வந்தது. திரும்பி எதிர்ச்சுற்று. அதுவும் வந்தது. மூன்றாவதைத் தொடங்கினேன்.

அடுத்து நடந்ததை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

நான் வேண்டுமென்றே விழுந்தேன்.

ஷபானா தவறவிட வேண்டும் என்று விழுந்தேன். மூன்று மாதம் பயிற்சி எடுத்த, தெளிவான, நோயில்லாத ஒரு கை தவறவிட்டால், ஜனவரியில் அவர் தவறவிட்டதும் யாருக்கும் நடக்கக்கூடிய ஒன்றாகிவிடும். டாக்டர்கள் சொன்னதெல்லாம் அதற்குப் பிறகும் மாறாது என்று எனக்குத் தெரியும். முழங்கால் இந்தத் தடவை முழுக்கப் போய்விடும் என்பதும் தெரியும். போகட்டும் என்று இடுப்பைப் பின்னால் விட்டேன்.

முதுகு தண்ணீரைத் தொடுவதற்குள் கயிறு கழன்றுவிட்டது.

காலில் பட்டையோடு, இழுக்க யாரும் இல்லாத கயிறு பக்கத்தில் மிதக்க, மல்லாந்து கிடந்தேன். படகுச் சத்தம் தூரத்தில் போய்த் திரும்பியது. இந்த உலகத்தில் இவர் ஒருவரால்தான் அது முடியும் என்று பதினாறு வருடமாக நம்பியிருந்தேன். உயிர்காப்பு ஜாக்கெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

ஷபானா என்மேல் குனிந்தாள். “கனகாக்கா, சரியா இழுத்தேனா? கால் பரவாயில்லையா? ஏன் அழறீங்க?”

“சரியா இழுத்தே. ரொம்ப சரியா இழுத்தே” என்றேன்.

படகுத்துறையில் ஏறி ஈரத்தோடு இவர்முன் மண்டியிட்டேன். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு சொல்லைச் சொல்ல ஒரு நிமிடம் ஆயிற்று.

“வேணும்னு... விழுந்த.”

“ஆமாங்க.”

“அவ தவற விடுவாளான்னு... பாத்தியா?”

“தவற விட்டுடணும்னு நினைச்சேங்க.”

அவர் கண்ணில் தண்ணீர் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை எழவில்லை. நான் துடைத்தேன், என் கையும் உப்புத் தண்ணீராக இருந்ததால் கண் எரிந்து இன்னும் வழிந்தது. அதற்கு இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டேன். அவருடைய வேட்டியெல்லாம் நனைந்துபோயிற்று. அவர் விரல்கள் என் தலைக்குப் பக்கத்தில், அரை அங்குலத்தில் கிடந்தன. நானே தலையை நகர்த்தி அவற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

“இன்னொரு... தடவ போ” என்றார். “விழாம.”

போனேன். ஷபானா நூலைப் பிடித்தாள். காலில் கயிறோடு சுழன்றேன், திரும்பிச் சுழன்றேன், இருபது வினாடியையும் முடித்தேன். முடிகிறவரை ஒரு முறைகூட நான் படகுத்துறைப் பக்கம் பார்க்க முடியவில்லை. டிரிக்கில் அப்படிப் பார்த்தால் விழுந்துவிடுவோம். படகைத்தான் பார்க்க வேண்டும். ஷபானாவின் முகத்தைப் பார்த்தேன்.